வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸ் மென்பொருளுக்குத் தானியங்கிச் சோதனைகள்

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, லினக்ஸில் பின்னணியில் ஓடும் ஒரு சேவையை சி மொழியில் எழுதிவருகிறோம். சோதனைகள் அனைத்தும் ஒரே கோப்புறையில் உள்ளன. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அவற்றை வரிசையாக ஓட்டுகிறது. சிலவற்றுக்கு ரூட் (கணினி நிர்வாகி) அனுமதி தேவைப்படுவதால் யாரும் முழுவதையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. இவற்றை எப்படிப் பிரிப்பது?

பதில்: நிரலின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறது என்பதைவிட, கணினியிடம் எதைக் கேட்கிறது என்பதை வைத்து ஒவ்வொரு சோதனையையும் பிரியுங்கள். ‘5 நிமிடம் 30 விநாடி’ என்பது போன்ற ஓர் அமைப்பு வரியைப் படித்து எண்ணாக மாற்றும் செயல்கூறுக்குக் கோப்போ வலையமைப்போ தேவையில்லை. அத்தகைய சோதனைகள் நொடிப்பொழுதில் முடிவதால், ஒவ்வொரு முறை நிரலைத் தொகுக்கும்போதும் எல்லோரும் அவற்றை ஓட்டலாம். தற்காலிகக் கோப்புறையும், நிரல்கள் தமக்குள் தொடர்புகொள்ளும் வாயிலான சாக்கெட்டும் மட்டும் கேட்பவை அடுத்த தொகுதி. கோப்பு முறைமைகளை மவுன்ட் செய்பவை (கணினியுடன் இணைப்பவை), கணினியை மறுதொடக்கம் செய்பவை, ரூட் அனுமதி கேட்பவை ஆகியவற்றை உங்கள் சொந்தக் கணினியில் ஓட்டவே கூடாது. அவை மெய்நிகர் கணினிக்குள் இருக்க வேண்டும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டத்திலும் சிறு சோதனை நிரல்கள் தனியாகவும், முழு இயங்குதளப் படிமத்தைத் தொடங்கிச் செய்யும் சோதனைகள் தனியாகவும் உள்ளன. நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் கன்டெய்னர் விரைவாகத் தொடங்கும் என்றாலும், அது வெளியே உள்ள கர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதியையே) பகிர்ந்துகொள்வதால் வேறொரு கர்னல் பதிப்பில் சோதிக்க உதவாது. அதற்கு கியூஇஎம்யூ போன்ற மெய்நிகர் கணினி மென்பொருள் ஒன்று தேவை. மெய்நிகர் கணினியை விரைவாக்கும் கர்னல் வசதியான கேவிஎம் கிடைக்காத இடத்தில் அது மிக மெதுவாக ஓடும் என்பதால் காலவரம்பைக் கூட்டி வையுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்றுண்டு. ரூட் அனுமதி இல்லையென்றால் பூஜ்யம் என்ற வெளியேறு குறியீட்டுடன் முடிந்துவிடும் சோதனைகள் உங்கள் தொகுப்பில் இருக்கின்றனவா என்று உடனே தேடிப் பாருங்கள். பூஜ்யம் என்றால் வெற்றி. எதையுமே சோதிக்காத அந்த நிரல், மாதக்கணக்கில் பச்சை நிறத்தில் தெரிந்துகொண்டிருக்கும். நிரலைத் தொகுக்க உதவும் மெசான், ஆட்டோமேக் கருவிகள் இரண்டிலும் ‘இந்தச் சோதனை தவிர்க்கப்பட்டது’ என்று சொல்வதற்கான வெளியேறு குறியீடு 77. கர்னலின் சொந்தச் சோதனைத் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்ட்டில் அது 4. சரியான குறியீட்டைத் தருவதோடு நின்றுவிடாமல், எல்லா வசதிகளும் உள்ள ஒரு கணினியிலாவது தவிர்க்கப்பட்ட சோதனையைத் தோல்வியாகவே கணக்கிடுங்கள்.

கேள்வி: சில சோதனைகள் எப்போதாவது ஒருமுறை தோற்கின்றன, மீண்டும் ஓட்டினால் தேறிவிடுகின்றன. தோற்றால் தானாகவே மறுமுறை ஓட்டும்படி அமைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தோல்வி உங்கள் சேவையிலேயே உள்ள ஒரு வழுவைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதை இப்போது மறைத்தால் பிறகு பயனர்தான் அதில் சிக்குவார். முதலில் சோதனையில் எங்கெல்லாம் ‘இரண்டு விநாடி காத்திரு’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சுமை மிகுந்த கணினியில் இரண்டு விநாடிக்குள் சேவை தயாராகாமல் போகலாம். சேவையே தான் தயார் என்று அறிவிக்கும்படி செய்து, அந்த அறிவிப்புக்காகக் காத்திருப்பதே சரியான வழி. அடுத்து, மெசான் இயல்பாகவே பல சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதால், இரண்டு சோதனைகள் ஒரே சாக்கெட் பாதையையோ ஒரே போர்ட் எண்ணையோ பயன்படுத்தினால் மோதிக்கொள்ளும். போர்ட் எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுத்தால் காலியாக உள்ள ஒன்றைக் கர்னலே ஒதுக்கித் தரும். சந்தேகத்துக்குரிய சோதனையை, கணினிக்கு வேறு சுமையும் கொடுத்து, நூறு முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். தோற்ற ஓட்டத்தின் பதிவுகளையும், நிரல் செயலிழந்த நேரத்து நினைவகத்தின் நகலான கோர் டம்ப் கோப்பையும் அழியாமல் சேமிக்க மறவாதீர்கள். அவை இல்லாமல் காரணம் தேடுவது வீண் உழைப்பு.

கேள்வி: எந்த மாற்றத்தால் ஒரு சோதனை தோற்கத் தொடங்கியது என்பதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருளின் ‘பைசெக்ட் ரன்’ கட்டளை, மாற்றங்களின் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துப் படிகளில் முடிந்துவிடும். நீங்கள் கொடுக்கும் ஸ்கிரிப்ட் 0 என்று வெளியேறினால் அந்த மாற்றம் நல்லது என்றும், 125 என்றால் சோதிக்க இயலாதது என்றும், 1 முதல் 127 வரையுள்ள மற்றவை கெட்டது என்றும் அது எடுத்துக்கொள்ளும். ஆகவே சோதனை நிரலை நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள்: தவிர்ப்புக்காக அது தரும் 77 இங்கே தோல்வியாகப் படிக்கப்படும். 77 வந்தாலும், நிரல் தொகுக்கப்படாமல் போனாலும் 125 தரும் ஒரு சிறிய ஸ்கிரிப்டை இடையில் வையுங்கள்.