பதில்: திறந்த குழியின் சிதறல் கணக்கில் வரும் பிழை

வணக்கம். மதுரை நாகமலைப் பக்கத்தில் ஆய்வு மாணவராக இருக்கும் தாங்கள், உலோகத் தளத்தில் பதிந்த செவ்வகக் குழியின் டி.எம். சிதறலை (மின்புலம் குழியின் நீளவாக்குக்கு இணையாக இருக்கும் அலையின் சிதறலை) ஃபைனைட் எலிமெண்ட் முறையில், அதாவது பரப்பைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்து, கணக்கிடும்போது, அலை தளத்தை ஒட்டி வரும் கோணங்களில் விடை பிசகுவதாகவும், அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் பிழை மேலும் பெருகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இவை வெவ்வேறு கோளாறுகள் என்றே நினைக்கிறேன்.

முதலாவதற்குக் காரணம், குழிக்கு மேல் தாங்கள் வரைந்த பெட்டியின் முதல்நிலை உறிஞ்சும் எல்லை, அதாவது வெளியேறும் அலையை விழுங்குவதற்காக விளிம்பில் இடும் தோராய நிபந்தனை. அது நேராக வரும் அலையை உறிஞ்சினாலும், மிகவும் சாய்ந்து வருவதைப் பெரும்பாலும் திருப்பிவிடும். பெட்டியையே நீக்கிவிடுங்கள். மேலுள்ள அரைவெளிக்கு, தளத்தைக் கண்ணாடிபோல் கொள்ளும் பிம்ப முறையால் கிரீன் சார்பு (ஒரு புள்ளி மூலம் உண்டாக்கும் புலம்) கிடைப்பதால், குழியின் வாயிலேயே, புலத்தின் செங்குத்து வகைக்கெழுவை வாயின் மீதான தொகையீட்டோடு இணைக்கும் துல்லியமான நிபந்தனையை எழுதலாம். அந்தத் தொகையீட்டின் உட்கரு (உள்ளே புலத்தோடு பெருக்கப்படும் சார்பு), வட்ட அலைகளை விவரிக்கும் முதல் வரிசை ஹாங்கெல் சார்பைத் தூரத்தால் வகுத்தது; தூரம் சுழியாகும் இடத்தில் அது முடிவிலியாவதால், சாதாரணத் தொகையீடு அங்கே செல்லாது. முடிவிலியாகும் உறுப்பை நீக்கி எஞ்சியதை மட்டும் கொள்ளும் ஹாடமார் முடிவுறு பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் அணியில் வாய்ப் புள்ளிகளுக்குரிய பகுதி மட்டுமே அடர்ந்திருக்கும் (சுழியல்லாத எண்களால் நிறைந்திருக்கும்); தங்கள் கணினியின் நினைவகம் தாங்கும்.

இரண்டாவது, ஒரே அதிர்வெண் அலைகளுக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாட்டைக் கணினியில் தீர்ப்பதற்கே உரிய கட்டப் பிழைத் திரட்சி: கணித்த அலையின் கட்டம் (phase) உண்மை அலையிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சேர்வது. நேரியல் எலிமெண்ட்டுகளில் அலை எண் இரட்டித்தால் வலையளவைப் பாதியாக்குவது போதாது, ஏறத்தாழ 2.8 மடங்கு சிறிதாக்க வேண்டும். துண்டுக்குள் உயர்படிப் பல்லுறுப்புக் கோவைகளைப் பயன்படுத்தும் உயர்படி எலிமெண்ட்டுகள் இதைவிட மலிவு. குழி செவ்வகமாகவே இருப்பதால், உள்ளே சைன் அலைமுறைகளின் தொடராக விரித்து வாயில் பொருத்திய விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.