முக்காலி எங்கே, தம்பி?

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அப்பா காலத்துக் கவுன்சில் (மாநகராட்சி) வீட்டில் இருக்கிறோம், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு. குளியலறை ரொம்பச் சின்னது. அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் 1.8 மீட்டர். மூலையில் 900-க்கு 900 மில்லிமீட்டர் ஷவர். டிசம்பரில் மகள் கல்யாணம், ஜொஹானஸ்பர்க்கிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து தங்குவார்கள். பழைய வெள்ளை டைல் மேலேயே 600-க்கு 1200 அளவில் பெரிய டைல், பளபளப்பான வெளிர் சாம்பல் நிறம், தரைக்கும் சுவருக்கும் ஒரே டைலாக ஒட்டினால் இடம் பெரிதாகத் தெரியும் என்கிறார் கடைக்காரர். சின்ன இடத்துக்குச் சின்ன டைல்தான் சரி என்கிறாள் மனைவி. அம்மாவுக்கு 79 வயது. அவர் உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் முக்காலியையும் வாளியையும் கராஜில் வைத்துப் பார்த்தேன், குளியலறை இப்போதே கொஞ்சம் பெரிதாகத்தான் தெரிகிறது. அம்மா மேகசின் பராக்ஸில் வளர்ந்தவர், எதையும் அனுசரித்துப் போவார். பெரிய டைல் போடலாமா? நெட்டுவாக்கிலா, குறுக்குவாக்கிலா?
(பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்)

பதில்: முக்காலி கராஜுக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது, தம்பி? டைலின் அளவை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறீர்கள், கல்யாண மாதத்தை எழுதியிருக்கிறீர்கள், அன்றிலிருந்து அம்மா எப்படிக் குளிக்கிறார் என்பதை மட்டும் எழுதவில்லை. நின்றுகொண்டா? எதைப் பிடித்துக்கொண்டு? குழாயையா, சோப்புத் தட்டையா, அந்தப் பிளாஸ்டிக் திரையையா? திரையைப் பிடித்துக்கொண்டு காலைக் கழுவுகிற வயதானவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் சறுக்கினால் திரை கம்பியோடு சேர்ந்து கையில் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமையும் புரட்டாசிச் சனியும் விளக்கேற்றுவதற்கு முன் தலை முழுகுகிற தலைமுறை அது. விடியுமுன் எழுந்து, யாருடைய தூக்கமும் கெடக் கூடாது என்று வீட்டு விளக்கைக்கூடப் போடாமல் தடவித் தடவிப் போய்க் குளிப்பார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அந்த இருட்டில் கை முக்காலியைத் தேடியிருக்கும். அது அங்கே இல்லை. ஏன் எடுத்தாய் என்று உங்களிடம் கேட்டிருக்கவும் மாட்டார்.

அனுசரித்துப் போவார் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். மேகசின் பராக்ஸ் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அடைத்து வைத்திருந்த வரிசை வீடுகள் அவை. பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம், எதற்கும் வரிசை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி 1960களில் அந்த மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடப் பழகியவர்களையெல்லாம் இழந்து வந்த பெண்கள் பலரும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நல்லதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தட்டாமல், நிதானமாகக் குளிக்க முடிந்தது என்று. உங்கள் அம்மாவுக்கு அந்த ஒன்றரை மீட்டர் அப்படிப்பட்ட இடம். அதில் அவருடைய ஒரே சாமானைத்தான் நீங்கள் எடுத்து வெளியே வைத்திருக்கிறீர்கள், ரெண்டு நாள் தங்கப் போகிறவர்களின் கண்ணுக்காக. அனுசரிக்கிறவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அதனால்தான் பெற்ற பிள்ளை கேட்காமலே பார்த்துச் செய்ய வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, டைலுக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னது சுவருக்குச் சரி. சின்ன அறையைச் சின்னதாகக் காட்டுவது பெரும்பாலும் கோடுகள்தான். உங்கள் ஒன்றரை மீட்டர் சுவரில் 2.1 மீட்டர் உயரத்துக்கு 150 மில்லிமீட்டர் சதுர டைல் ஒட்டினால் 140 டைல், அத்தனைக்கும் நாலு பக்கமும் கிரவுட் கோடு, அதாவது டைல் இடைவெளியை அடைக்கிற பூச்சின் கோடு. அதே சுவரில் 600-க்கு 1200 டைல் என்றால் வெட்டிய துண்டுகளையும் சேர்த்து ஆறே ஆறு. கண் தடுக்காமல் போகும். கிரவுட்டை டைல் நிறத்திலேயே எடுத்து, ஓரம் நேராகச் சீவிய டைலாக வாங்கி, இடைவெளியை இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நிறுத்தினால் கோடே தெரியாது.

நெட்டுவாக்கில் நிறுத்துங்கள். குறுக்கே படுக்கப் போட்டால் ஒன்றரை மீட்டர் சுவரில் ஒரு முழு டைலும் பக்கத்தில் 300 மில்லிமீட்டர் துண்டும் வரும், ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். நிறுத்தி வைத்தால் நடுவில் முழு 600, இரண்டு பக்கமும் 450 என்று சமமாக வரும். 1.8 மீட்டர் சுவருக்கு ஏறக்குறைய மூன்று முழு டைல், வெட்டே குறைவு. செங்கல் அடுக்குகிற மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி ஒட்ட விடாதீர்கள். இவ்வளவு நீள டைல் நடுவில் லேசாக வளைந்திருக்கும், ஒன்றின் நடுவில் இன்னொன்றின் விளிம்பு வந்தால் அது தூக்கிக்கொண்டு நிற்கும்.

பழைய டைல் மேலேயே ஒட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். பசையும் புது டைலும் சேர்ந்து பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தின்னும், இரண்டு சுவருக்கும் மூன்று சென்டிமீட்டர் போச்சு. இடம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று செலவழித்து இருக்கிற இடத்தையும் குறைப்பீர்களா? தவிர அந்த டைல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிலோ. உள்ளே பொள்ளலாக நிற்கிற பழைய டைல் மேல் அந்தப் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. உடைத்து எடுத்து, சுவரை மட்டம் பார்த்துப் பூசி, அப்புறம் ஒட்டச் சொல்லுங்கள். டைலின் முதுகிலும் பசை தடவி ஒட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கிரவுட் தண்ணீரைத் தடுக்காது, டைலுக்கு அடியில் பூசுகிற நீர்க்காப்புப் பூச்சுதான் தடுக்கும். மூலைகளில் துணிப்பட்டை வைத்து இரண்டு கை பூச வேண்டும். பூசிக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து ஷவர் தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒட்டிய சுவர் என்கிறீர்கள், ஈரம் இறங்கினால் அண்டை வீட்டுப் பக்கம் பூத்துக்கொண்டு வரும்.

தரைக்கு உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. அவர் சொன்னதை ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். ஷவர் தரை வடிகாலை நோக்கிச் சாய வேண்டும், 900 மில்லிமீட்டருக்குச் சுமார் 15 மில்லிமீட்டர் இறக்கம். நடுவில் வடிகால் என்றால் நாலு பக்கமிருந்தும் சாய வேண்டும், பெரிய டைல் வளையாதே. தபால் உறை மாதிரி மூலைக்கு மூலை வெட்டி ஒட்டுவார்கள், இல்லையென்றால் சரிவே இல்லாமல் ஒட்டிவிட்டுப் போவார்கள், தண்ணீர் தேங்கும். சுவரோரம் நீளப்பட்டை வடிகால் வைத்தால் ஒரே பக்கச் சரிவு போதும், அப்போது பெரிய டைல் போடலாம்தான். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் 50 மில்லிமீட்டர் சின்னச் சதுரங்களையே சொல்வேன், அதே சாம்பல் நிறத்தில். சுவரில் கெடுதல் செய்கிற அதே கிரவுட் கோடு தரையில் காலுக்குப் பிடிமானம். பளபளப்பு சுவரோடு நிற்கட்டும், தரையில் ஒரு துண்டுகூட வேண்டாம். வெறுங்காலுக்கான வழுக்குத் தரம் ஏ, பி, சி என்று உண்டு, ஷவருக்கு பி-யாவது வேண்டும், கடைக்காரரிடம் கேளுங்கள்.

இப்போது கதவு. நீங்கள் கதவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை, நம் கவுன்சில் வீடுகளில் நான் பார்த்த குளியலறைக் கதவுகள் உள்பக்கம்தான் திறக்கும். மெரிபேங்கில் என் பெரியம்மா குளியலறையில் விழுந்தபோது கதவுக்குப் பின்னால்தான் விழுந்தார். இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். தள்ளினால் கதவு அவர் இடுப்பில் இடிக்கிறது, உள்ளேயிருந்து "தள்ளாதீங்கடி, தள்ளாதீங்கடி" என்கிறார். கீலைக் கழற்றிக் கதவை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் சுவரோரமாக ஒரு சிவப்புச் சோப்பு, நுரையோடு அப்படியே கிடந்தது, இன்றைக்கும் அந்தச் சோப்பு வாசனை எனக்கு ஆகாது. இடுப்பெலும்பு முறிவு. அதற்குப் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. அந்த வீட்டிலும் அதற்கு முந்தைய வருஷம்தான் புது டைல் போட்டிருந்தோம், வெள்ளைப் பளிங்கு மாதிரி, வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். போட்டது நாங்கள்தான், நானும் சேர்ந்து நின்று நிறம் பார்த்தேன்.

கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், இல்லையென்றால் சுவரோரம் தள்ளுகிற கதவாக வையுங்கள். கதவு சுழல்கிற இடம் முழுவதும் உங்களுக்கு மிச்சமாகும். எந்த டைலும் தராத நிஜமான இடம் அது. ஷவரைச் சுற்றி இருக்கிற குட்டைத் திண்டையும் எடுத்துவிட்டுத் தரையை ஒரே மட்டமாக விட்டுச் சரித்தால், அறை ஒரே வீச்சாகத் தெரியும், அம்மாவும் காலைத் தூக்கித் தாண்ட வேண்டாம். பெரிதாகத் தெரியவும் அம்மா விழாமல் இருக்கவும் செய்ய வேண்டிய வேலை பாதிக்கு மேல் ஒன்றேதான். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், அவர் விற்பது டைல்.

வாளி திரும்பி உள்ளே வரட்டும். டர்பனில் தண்ணீர் நின்று போகிற நாட்களில் அந்த வாளியைத்தான் வீட்டில் எல்லோரும் தேடுவீர்கள். ஷவரைக் கையில் எடுத்துக் குளிக்கிற குழாய் வகையாக மாற்றுங்கள், ஒன்றரை மீட்டர் நீளக் குழாயாவது வேண்டும், உட்கார்ந்தபடி முதுகு வரை எட்டும். பிடிமானக் கம்பி கட்டாயம். துண்டு தொங்கவிடுகிற கம்பியைக் காட்டி இதுவே போதும் என்பார்கள், அது ஆள் பாரம் தாங்காது. செங்கல் சுவரில் ஆழமாகப் போல்ட் இறக்கிய கம்பியாக இருக்க வேண்டும். இந்த டைலில் சுத்தியல் அதிர்வோடு துளை போட்டால் விரிசல் விடும், வைரமுனைத் துளைப்பானால் மெல்லத்தான் போட வேண்டும் என்பதால் இடத்தை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

சம்பந்தி வீட்டார் முக்காலியைப் பார்த்தால் பார்க்கட்டும். அவர்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறீர்கள், இந்த வீட்டில் பெரியவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கண்ணில் படத்தான் வேண்டும்.

இன்று சாயங்காலம் கராஜுக்குப் போய் முக்காலியை எடுத்துக் கழுவுங்கள். கால்களில் ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது வாங்கி மாட்டுங்கள், முக்காலியே ஆட்டம் கண்டிருந்தால் முதுகும் கைப்பிடியும் உள்ள குளியல் நாற்காலியாக வாங்குங்கள். காய்ந்த தரையில், பழைய ஷவருக்குள்ளேயே அதைப் போட்டு அம்மாவை உட்காரச் சொல்லுங்கள், சேலையோடுதான். பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள். எழும்போது அவர் கை தானாகச் சுவரில் ஓர் இடத்தைத் தேடிப் போகும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து அது எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள், டைல்காரரை அதற்கு அப்புறம் கூப்பிடலாம்.