குதிகால் வலிக்கு மூன்றாவது ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் பழம் பிரித்துப் போடும் வேலை. சீசனில் நாள் முழுக்க சிமென்ட் தரையில் நிற்க வேண்டும். ஒன்றரை வருடமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து காலை ஊன்றினால் உயிர் போகிறது. பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு முறை ஊசி போட்டேன், இரண்டு மாதத்தில் வலி திரும்ப வந்துவிட்டது. இன்னொரு ஊசி போடலாமா, ஆபரேஷனில் எலும்பை எடுத்துவிடலாமா? எருக்கிலை வைத்து செங்கல் ஒத்தடம் கொடுத்தாலே போதும் என்கிறார் மாமியார். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது.
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த எலும்பை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் வில்லின் நாண் போல ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அது எலும்பில் ஒட்டும் இடம் நைந்து போவதைத்தான் டாக்டர்கள் பிளான்டார் ஃபேஷியைடிஸ் என்கிறார்கள். ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த சவ்வு முதல் அடியில் சட்டென்று இழுபடும். நீங்கள் எழுதிய அந்தப் பத்து அடி இதற்கே உரிய அடையாளம்.

மூன்றாவது ஊசி இப்போது வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும், நைந்ததைச் சரி செய்யாது. திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்துபோகலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தையும் கரையலாம். உங்களுக்குச் சில நாள் சர்க்கரையும் ஏறும். வலி மாத்திரையையும் நீங்களாகக் கடையில் வாங்கி நாள்கணக்கில் போடாதீர்கள். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஊசிக்கு நடுவே பயிற்சி செய்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். இந்த வலிக்கு முதல் மருந்தே அதுதான். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, வலது காலை இடது தொடை மேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். இன்னொரு கையால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்கால் சதையை நீட்டுங்கள். வலி கொஞ்சம் தணிந்ததும், துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படியில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்காதீர்கள், சமையலறையிலும்தான். எம்.சி.ஆர். என்கிற மிருதுவான நுண்துளை ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வீட்டுக்கென்றே வையுங்கள். வேலைக்குப் போடும் பூட்ஸுக்குள் சிலிக்கான் குதிகால் மெத்தை வையுங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு, நிற்கும் இடத்தில் ஒரு ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாமியாரின் அக்கறை புரிகிறது. ஆனால் சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் செங்கல் சுடுவதே தெரியாது. ஒரு கொப்புளம் ஆறாத புண்ணாகிவிடும். எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும். அதனால் உங்களுக்கு அந்த ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. அந்தப் பணியாளர் சர்க்கரை மாத்திரை கொடுக்க வரும்போது காலைக் காட்டிப் பேசுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டி, பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். ராத்திரி பாதத்தை மடங்காமல் பிடிக்கும் பட்டை பற்றியும் கேளுங்கள். ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால், கருவியை வெளியிலிருந்து குதிகாலில் வைத்து அதிர்வு அலைகளைச் செலுத்தும் அதிர்வலை சிகிச்சை இருக்கிறது. ஆபரேஷன் வெகு சிலருக்குத்தான் தேவைப்படும், அதிலும் முக்கிய வேலை சவ்வைத் தளர்த்துவது. பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போகாமலே சரியாகிவிடுகிறது.

குதிகால் வீங்கினாலோ, மரத்து எரிந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.