ஜாக்2 பாசிட்டிவ், பிளேட்லெட் 8 லட்சம்: எந்த நோய்?

உங்கள் அம்மாவுக்கு ஜாக்2 என்ற மரபணு மாற்றம் இருக்கிறது, பிளேட்லெட் 8 லட்சம்; எந்த ரத்த நோய் என்பதில் இரண்டு டாக்டர்கள் வேறு வேறு பதில் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஜாக்2 முடிவை மட்டும் வைத்து அவர்களில் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க முடியாது. அந்த மரபணு மாற்றம் பாலிசைதீமியா வேரா (சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உருவாகும் நோய்) உள்ள அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். எசென்ஷியல் த்ராம்போசைதீமியாவிலும் (பிளேட்லெட் அளவுக்கு மீறி உருவாகும் நோய்) மைலோஃபைப்ரோசிஸிலும் (எலும்பு மஜ்ஜையில் நார் வளரும் நோய்) ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கும்.

அம்மாவின் ஹீமோகுளோபின் 14.9 தான், அதனால் பாலிசைதீமியா இல்லை என்கிறார்களா? எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 68 என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. அது குறைவு; இரும்புச்சத்து போதாமல் இப்படி ஆகியிருக்கலாம். இரும்புச்சத்து குறைந்தால் ஹீமோகுளோபின் ஏற முடியாமல், பெண்களுக்கான 16 என்ற வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும். நோய் உள்ளே மறைந்திருக்கும்.

1. ஃபெரிட்டின் (உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள். அதே ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கை கூடுதலா என்றும் பாருங்கள்.
2. எரித்ரோபாய்ட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) அளவு குறைவாக இருந்தால் சந்தேகம் பாலிசைதீமியா பக்கம் சாயும்.
3. கடைசியில் பிரித்துக் காட்டுவது எலும்பு மஜ்ஜை பயாப்சிதான். மஜ்ஜையில் நார் வளர்ந்திருக்கிறதா என்று அறிய ரெட்டிகுலின் சாயமேற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆரம்பநிலை மைலோஃபைப்ரோசிஸ் பார்வைக்கு த்ராம்போசைதீமியா போலவே இருக்கும்.

தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறு) மரபுக்கூறு இருந்தாலும் எம்சிவி குறையும். அதனால் நீங்களாக இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள். பாலிசைதீமியா என்றால் இரும்பு கிடைத்ததும் ரத்தம் சட்டென்று கெட்டியாகிவிடலாம். பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், நெஞ்சுவலி என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.