முட்டி மாற்றிய கால் நீளமாகத் தெரிகிறதா?

வணக்கம். அம்மாவுக்கு வலது முட்டி மாற்றி ஆறு வாரம் ஆகிறது, அந்தக் கால் நீளமாகவும் வெளிப்பக்கம் போவது போலவும் தெரிகிறது என்கிறீர்கள். இடது முட்டி இன்னும் வில்லாக வளைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அங்கேதான் இருக்கிறது. வளைந்த கால் நேரானால் கொஞ்சம் நீளும். வருடக்கணக்கில் வளைந்து நடந்தவர்களுக்கு நேரான கால்தான் கோணலாகத் தோன்றும். வீக்கமும் கண்ணை ஏமாற்றும்.

சரி, சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது? முட்டியை மட்டும் எடுத்த எக்ஸ்ரே போதாது. நின்றபடி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் நீள எக்ஸ்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேனோகிராம் என்பார்கள். இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்குக் கோடு போட்டால், அது முட்டியின் நடுவை ஒட்டிப் போக வேண்டும். 3 டிகிரிக்குள் விலகல் இருந்தால் பொதுவாகக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சில டாக்டர்கள் பழைய வளைவில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. படம் எடுக்கும்போது முட்டிச்சில்லு நேராக முன்னால் பார்க்கட்டும். கால் திரும்பியிருந்தாலோ முட்டி முழுதாக நீளாவிட்டாலோ அளவு தப்பாக வரும்.

செருப்பில் உயரம் வைக்க இப்போதே அவசரப்படாதீர்கள். அப்புறம், முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம், முட்டி மடங்கியே பழகிவிடும். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில்.

நேராக இருந்த கால் திடீரென வளைந்தாலோ, நிற்கும்போது முட்டி நழுவினாலோ, காய்ச்சல், காயத்தில் கசிவு, கெண்டைக்காலில் வலி வீக்கம் வந்தாலோ அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.