ஒசாகா ஸ்டேடியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜப்பானில் இடிக்கப்பட்ட பேஸ்பால் மைதானங்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒசாகா ஸ்டேடியத்தைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: இந்த மைதானம் எங்கே இருந்தது? யார் கட்டியது?

ஒசாகா நகரின் தென்பகுதியில், நம்பா ரயில் நிலையத்தை ஒட்டியே இருந்தது. முன்பு அரசுப் புகையிலை ஆலை இருந்த நிலம் அது. நங்காய் ரயில் நிறுவனம் தன்னுடைய நங்காய் ஹாக்ஸ் அணிக்காகக் கட்டி, 1950 செப்டம்பரில் திறந்தது. மறுவருடமே விளக்குக் கம்பங்கள் வந்துவிட்டன. ஒசாகாவும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த கான்சாய் வட்டாரத்தில் இரவு ஆட்டம் முதலில் நடந்தது இங்கேதான். வேலை முடிந்து ரயில் ஏற வருகிறவர்கள் அப்படியே ஆட்டத்துக்குப் போகலாம் என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்?

கே: ரயில் கம்பெனிக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்?

டிக்கெட் வருமானம்தான். தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு மைதானம் இருந்தால் விடுமுறை நாளிலும் ரயில் நிறையும். ஹான்ஷின், ஹான்கியூ, கின்டெட்சு, நங்காய் என்று கான்சாயில் மட்டும் நான்கு ரயில் நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. ரயில் குழுமங்களின் கையில் இன்று மிஞ்சியிருப்பவை ஹான்ஷின் டைகர்ஸும், தோக்கியோ பக்கத்துச் செய்பு லயன்ஸும்தான்.

கே: கேலரி பயமுறுத்தும் அளவுக்குச் செங்குத்தாக இருந்ததாமே?

ஆமாம், மேல் வரிசைகளின் சரிவு 37 பாகை. ஊர் நடுவே கிடைத்த குறுகலான இடம். அகலமாகக் கட்ட வழியில்லை என்பதால் உயரமாகக் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் ஆட்டுக்கல் குழிக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி ஆட்டக்களம் தெரியும். கூட்டம் குறைந்துபோன 1980களில், மேலே உட்கார்ந்து ஒருவர் கிண்டல் செய்தால் கீழே நிற்கும் ஆட்டக்காரர் காதில் தெளிவாக விழும். கேலரிக்கு அடியில் பனிச்சறுக்குக் கூடமும் பழைய புத்தகக் கடைகளும் இருந்தன. பேஸ்பால் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் அந்தக் கடைகளுக்காக வருவார்கள்.

கே: அங்கே நடந்ததிலேயே பெரிய ஆட்டம் எது?

ஹாக்ஸ் ரசிகரைக் கேட்டால் 1959 என்பார். அதற்குமுன், இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் ஜப்பான் தொடரில் 1951, 1952, 1953, 1955 என்று நான்கு முறை யோமியூரி ஜயன்ட்ஸிடம் தோற்ற அணி அது. தொடரில் நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. 1959-இல் ஹாக்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) சுகியுரா தடாஷி நான்கு ஆட்டங்களிலும் வீசி நான்கிலும் வென்றார். அந்தப் பருவத்தில் அவருடைய கணக்கு 38 வெற்றி, 4 தோல்வி! ஆனால் இங்கே நடந்தவை முதல் இரண்டு ஆட்டங்கள்தான். கோப்பை கைக்கு வந்தது தோக்கியோவில்.

என்னைக் கேட்டால் 1979 நவம்பர் 4 என்பேன். அன்று ஹாக்ஸ் ஆடவே இல்லை. கின்டெட்சுவின் சொந்த மைதானத்தில் போதிய வசதி இல்லாததால், ஜப்பான் தொடரில் தன் பங்கு ஆட்டங்களை அது இங்கே நடத்தியது. தொடரின் முடிவைச் சொல்லும் ஏழாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். பேட் செய்வது கின்டெட்சு; மூன்று பேர் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது. ஹிரோஷிமா 4, கின்டெட்சு 3. ஹிரோஷிமாவுக்கு வீசியவர் எனாட்சு யுடாகா. ஒருவர்கூட அவுட் ஆகாமல், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் கின்டெட்சு ஆள் நிற்கிறார்கள். ஒரு ரன் வந்தால் சமன், இரண்டு வந்தால் கோப்பை போச்சு.

முதலில் சசாகியை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றினார். அடுத்து இஷிவாடா. பந்து புறப்படும்போதே மூன்றாம் பேஸ் ஆள் ஓடிவர, பேட்டர் மெல்லத் தட்டிவிடுவது கின்டெட்சுவின் திட்டம். எனாட்சு வளைந்து போகும் கர்வ் பந்தைப் பேட்டுக்கு எட்டாமல் வெளியே வீசினார். பேட்டர் தவறவிட, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடிக்க, ஓடிவந்தவர் நடுவழியில் அவுட். ஆட்டக்காரர் ஓடுவதைக் கண்டு வேண்டுமென்றே விலக்கி வீசியதுதான் என்று எனாட்சு சொல்லிவந்தார். அப்புறம் இஷிவாடாவும் ஸ்டிரைக் அவுட். கோப்பை ஹிரோஷிமாவுக்கு. அந்த இன்னிங்ஸில் மொத்தம் 21 பந்துகள்; ஜப்பானில் இன்றும் அந்த எண்ணிக்கையைச் சொல்லித்தான் அதைப் பேசுகிறார்கள். எனாட்சுவைக் கடைசி நேரத்தில் வந்து வீசும் பிட்சராக மாற்றியவர் அப்போது ஹாக்ஸின் ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் (அணியை நடத்துபவர்) இருந்த நோமுரா கட்சுயா. அது நடந்தது 1977-இல், எனாட்சு ஹாக்ஸ் அணியில் இருந்தபோது, இதே மைதானத்தில்தான்.

கே: ஹாக்ஸ் ஏன் ஊரைவிட்டுப் போனது?

1978 முதல் ஒரு வருடம்கூடப் பட்டியலின் மேல்பாதிக்கு வராத அணியை ரயில் நிறுவனத்தால் தாங்க முடியவில்லை. 1988-இல் டையே சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அணி ஃபுகுவோகாவுக்குப் போனது. அந்த வருடம் ஹாக்ஸின் 40 வயது கடோடா ஹிரோமிட்சு 44 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றிவர வைக்கும் அடி) அடித்து, ஐந்தாம் இடத்தில் முடித்த அணியிலிருந்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அக்டோபர் 15 அன்று நங்காய் என்ற பெயரில் இங்கே கடைசி ஆட்டம். நிரம்பிய கேலரிக்கு முன்னால் கின்டெட்சுவை 6-4 என வென்றார்கள். அப்போது மேனேஜர், 1959-இன் அதே சுகியுரா. ஒலிபெருக்கியில் நன்றி சொல்லி, ‘போய் வருகிறேன்’ என்று விடைபெற்றார்.

கே: மைதானத்துக்குள் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு படம் பார்த்தேன். கிராஃபிக்ஸா?

நிஜப் படம். அணி போன பிறகு ஆட்டக்களத்தை மாதிரி வீடுகளின் கண்காட்சியாக்கினார்கள். சுற்றிலும் காலியான நாற்காலிகள்; நடுவில் தெருக்களோடு ஒரு சின்னக் குடியிருப்பு. வீடு வாங்க நினைப்பவர்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். 1998-இல் மைதானத்தை மூடி இடிக்கும்வரை இது நடந்தது. அந்தப் படத்தைப் பார்த்து மனம் கனத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான்.

கே: இப்போது போனால் ஏதாவது பார்க்கலாமா?

பார்க்கலாம். அந்த இடத்தில் 2003-இல் நம்பா பார்க்ஸ் வணிக வளாகம் வந்தது. மாடிக்கு மாடி தோட்டமாக ஏறிப்போகும் கட்டடம். அதன் இரண்டாம் தளத்தில், பேட்டர் பக்கத்து ஹோம் பிளேட்டும் பிட்சர் நிற்கும் தட்டும் இருந்த இடங்களைத் தரையில் குறித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே விதிப்படி 18.44 மீட்டர். கடைக்குப் போகிறவர்கள் கவனிக்காமல் மிதித்துப் போவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ஒன்பதாம் தளத்தில் நங்காய் ஹாக்ஸ் நினைவுக்கூடம் இருக்கிறது. அது திறந்தபோது நோமுராவின் பெயரே அங்கே இல்லை. 1965-இல் மும்மகுடம் (பேட்டிங் சராசரி, ஹோம் ரன், அணிக்கு எடுத்துத் தந்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம்) வென்றவர், மொத்தம் 657 ஹோம் ரன் அடித்தவர், எட்டு வருடம் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தவர். 1977-இல் பதவி நீக்கப்பட்டு மனக்கசப்போடு பிரிந்ததன் நிழல் அவ்வளவு நீளமாக விழுந்தது. அவரை விட்டுவிட்டு அந்த அணியின் கதையைச் சொல்லவே முடியாது. அது பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2020-இல் அவர் மறைந்த பிறகு, அவரிடம் ஆடிய எமோடோ டகெனோரி முன்னின்று ரசிகர்களிடம் பணம் திரட்டினார். 2021-இல் நோமுரா அந்தக் கூடத்துக்குள் வந்தார்.

கே: ஹாக்ஸ் அணி இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. 2005 முதல் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ் என்ற பெயரில் ஃபுகுவோகாவில் ஆடுகிறது.