பூட்டிய வீட்டுக்குள் ஓர் உபதேசியார்

கேள்வி: எனக்கு 41 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக வேலை பார்க்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். திருமணத்துக்குப் பிறகு மனைவியோடு நகரத்தின் பெரிய ஜெபக்கூட்டம் ஒன்றுக்குப் பத்து ஆண்டுகள் போய்வந்தேன். பாட்டு, இசை, கண்ணீர் எல்லாம் இருக்கும். வீடு திரும்பினால் மனம் வெறுமையாகிவிடும். போன வருடம் அப்பா எங்களோடு வந்து தங்கினார். அவருடைய பழைய வேதாகமத்தை எடுத்து ரோமர் நிருபத்தை வாசித்தேன். மூன்றாம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். என் கிரியையால் அல்ல, கிருபையினால் இலவசமாக நீதிமானாக்கப்படுகிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு சிறிய லுத்தரன் சபைக்குப் போகிறேன். ஓட்டுக் கூரை, பழைய ஆர்மோனியம், நாற்பது பேர். கிறிஸ்துவை அங்கேதான் கண்டுகொண்டேன். மனைவி வர மறுக்கிறாள். பிள்ளைகளும் அவளோடு பெரிய கூட்டத்துக்கே போகிறார்கள். அப்பாவுக்கு இப்போது கண் பார்வை இல்லை. தடுமாறி வெளியே போய்விடக் கூடாது என்று வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் கிளம்புகிறோம். முப்பது வருடம் உபதேசியாராக இருந்தவர், பாவம், ஒன்றும் சொல்லமாட்டார். என் மனைவியை என் சபைக்கு எப்படி அழைத்து வருவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

தம்பி,

கணவன் ஒரு கோவிலுக்கும் மனைவி ஒரு கோவிலுக்கும் போகிற வீடுகளிலிருந்து எனக்குக் கடிதம் வராத மாதமே இல்லை. பொறுமையாக இருங்கள், ஜெபியுங்கள், காலம் கனியும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் முழுக் கடிதத்தில் மனைவியைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. அப்பாவைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போகிறீர்கள். உள்ளே கண் தெரியாத ஒரு முதியவர். போக ஒரு மணி நேரம், ஆராதனை இரண்டு மணி நேரம், திரும்ப ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் நான்கு மணி நேரம். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் திறப்பது? அடுப்பில் கேஸ் கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவார்? சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டே அங்கே முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்கிறீர்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். அந்த நான்கு மணி நேரமும் அவர் என்ன செய்வார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது யோசித்தீர்களா? உபதேசியார் என்றால் என்ன வேலை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலைந்து ஊருக்கு ஒரு போதகர். அவர் வர முடியாத ஞாயிறுகளில் மணியடிப்பதும், பாட்டை எடுத்துக் கொடுப்பதும், வேதபாடம் வாசிப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், நடுராத்திரியில் சாவு வீட்டுக்குப் போய் ஜெபம் பண்ணுவதும் இவர்தான். முப்பது வருடம் அதைச் செய்தவருக்கு எந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டும், எந்த இடத்தில் ஆமென் சொல்ல வேண்டும், போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போது எந்த நொடியில் தலை குனிய வேண்டும் என்பதெல்லாம் புத்தகமில்லாமல் தெரியும். ஆராதனை முறை முழுவதும் அவருக்கு மனப்பாடம். கண் இல்லாத குறை தெரியாமல் அவர் இருக்கக்கூடிய இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அங்கே நீங்கள் போகிறீர்கள், அவரைப் பூட்டி வைத்துவிட்டு.

ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் அதிகாரம் வரை போயிருக்க வேண்டும். "விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" என்று பவுல் அங்கே சொல்கிறார். கேள்வி என்றால் இங்கே காதால் கேட்பது. உங்கள் அப்பாவிடம் மிச்சமிருப்பது அந்தக் காதுகள்தான். அவருடைய வேதாகமத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்; அதில் ஓர் அதிகாரத்தையாவது அவருக்கு உரக்க வாசித்துக் காட்டினீர்களா? அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் அவரை ஒன்றும் கேட்டதே இல்லை என்றுதான் படுகிறது.

நீங்கள் கண்டுகொண்டதாகச் சொல்லும் அந்த நற்செய்தி எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வந்தது என்று பாருங்கள். 1706 ஜூலையில் ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்துப் பழகினார். லுத்தரன் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லுத்தர் விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்க எழுதிய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. மறு வருடமே, 36 வயதில், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு வெள்ளைக்கார மிஷனெரி நுழைய முடியாத ஊர்களுக்கு அந்தப் புத்தகத்தைச் சுமந்து நடந்தவர்கள் நம் உபதேசிமார்கள். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியரில் முதல் லுத்தரன் போதகர். அவரும் அதற்கு முன் உபதேசியார்தான். அந்த வரிசையில் வந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். நீங்களோ அந்த வரிசையைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போகிறீர்கள்.

இதைச் சொன்னால், தேவனுக்காகத்தானே போகிறேன் என்பீர்கள். இந்தப் பதிலை இயேசு முன்பே கேட்டுவிட்டார். மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்" என்று காணிக்கையாக்கிவிட்டு, கடமை முடிந்தது என்று கையைக் கழுவியவர்களை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். உங்கள் கொர்பான் ஞாயிற்றுக்கிழமைக் காலை.

லுத்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1505இல் தகப்பனுக்குப் பிடிக்காமல் எர்ஃபுர்ட் நகரத்து மடத்தில் போய்ச் சேர்ந்தவர் அவர். கிருபையைக் கண்டடைந்தபின், 1521இல், துறவற உறுதிமொழிகளை எதிர்த்து எழுதிய நூலைத் தகப்பன் ஹான்ஸுக்கே கடிதம் எழுதி அர்ப்பணித்தார். பெரிய ஞானோபதேசத்தில் நான்காம் கட்டளையை விளக்கும்போது, மடத்தில் கிடந்து உபவாசம் இருப்பதைக் காட்டிலும் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவதே தேவன் கட்டளையிட்ட நற்கிரியை என்று அடித்துச் சொல்கிறார். கிருபையால் இலவசமாக நீதிமானாக்கப்பட்டவனுக்குத் தேவனிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய வேலை இல்லை. அவன் கைகள் காலியாகிவிடுகின்றன, பக்கத்தில் இருப்பவருக்காக. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் உள்அறைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

என் நம்பிக்கையை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதை ஆராதனைக்கு இடைஞ்சலாக நினைக்கிற பக்தியை நான் பக்தி என்று ஏற்பதில்லை. அது பெரிய கூட்டமானாலும் சரி, ஓட்டுக் கூரை ஆலயமானாலும் சரி. ஓட்டுக் கூரை, நாற்பது பேர் என்று நீங்கள் எழுதிய விதத்தில் ஒரு பெருமிதம் தெரிகிறது, அதையும் விட்டுவிடுங்கள். அந்த நாற்பது பேருக்கு ஓடு ஒழுகுவது கஷ்டம். உங்கள் பக்திக்கு அழகு சேர்ப்பதற்காக அது ஒழுகவில்லை. சுவிசேஷம் சுத்தமாகப் பிரசங்கிக்கப்பட்டு, திருச்சடங்குகள் சரியாகக் கொடுக்கப்படும் இடமே சபை என்றுதான் லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை சொல்கிறது. தலைகளை அது எண்ணவில்லை, அதிகமாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும்.

மனைவி விஷயம். அப்பாவைக் குளிக்க வைப்பது, அவர் துணியைத் துவைப்பது, தட்டில் எந்தப் பக்கம் குழம்பு, எந்தப் பக்கம் பொரியல் என்று சொல்லி அவர் முன்னால் வைப்பது, இதெல்லாம் யார் வேலை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே அது அந்தப் பெண்தான் என்று நினைக்கிறேன். நினைப்பு தவறானால் எழுதுங்கள். வாரத்தில் ஆறு நாள் உங்கள் தகப்பனைத் தாங்குகிறவளை, கிறிஸ்துவை இன்னும் அறியாதவள்போல் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவளை என் சபைக்கு அழைத்து வர வேண்டும் என்கிறீர்கள். அவள் ஏன் வர வேண்டும்? கிறிஸ்துவைக் கண்ட கணவன் முன்பைவிட வீட்டுக்கு என்ன ஆனான்? ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பிவிடுகிறான் என்பதைத் தவிர அவள் கண்ணில் வேறென்ன பட்டிருக்கிறது? கதவைப் பூட்டியதில் அவளுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு முதல் பொறுப்பு நீங்கள்.

அவளிடம் உபதேச வித்தியாசம் பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள். இத்தனை நாள் அப்பாவைப் பூட்டிவிட்டுப் போனது என் குற்றம், இனி ஞாயிறு காலை அவர் என் பொறுப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை மாலையே அவருக்கு முகச்சவரம் செய்துவிடுங்கள். வெள்ளை வேட்டியை எடுத்து வையுங்கள். இரண்டு பஸ் அவருக்கு ஆகாது. ஆட்டோவுக்குப் பணம் ஒதுக்குங்கள், அதற்காக மாதத்தில் எதைக் குறைக்க வேண்டுமோ குறையுங்கள். முன்வரிசை பெஞ்சின் ஓரத்தில் அவரை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஆலயத்தில் யாராவது தோத்திரம் ஐயா என்று அவர் கையைப் பிடித்தால், பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். அவருக்கு உடம்பு முடியாத வாரத்தில் நீங்களும் வீட்டில் இருங்கள். அன்றைய நிருபத்தையும் சுவிசேஷத்தையும் வாசியுங்கள், அவர் ஜெபிக்கட்டும்.

பிள்ளைகளை ஆலயத்துக்கு இழுத்து வர வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தாவிடம் உட்கார வையுங்கள். 1528இல் சாக்சனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகூடத் தெரியவில்லை என்று மனம் நொந்த லுத்தர், மறு வருடம் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டிய விதம் என்றுதான் அதன் பகுதிகளுக்குத் தலைப்பு வைத்தார். உங்கள் வீட்டில் அதை வரிக்கு வரி சொல்லக்கூடியவர் இருக்கிறார். கேள்வியைப் பிள்ளைகள் வாசிக்கட்டும், பதிலை அவர் சொல்லட்டும். மனைவி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். கூப்பிடாதீர்கள். அவளுக்குத் தோன்றும்போது வந்து உட்காரட்டும்.

ஒன்றை மட்டும் ஞாயிறு வரை தள்ளிப்போடாதீர்கள். உங்களோடு வந்து ஒரு வருடமாகிறது; அந்த மனிதர் கடைசியாக நற்கருணை எடுத்தது எப்போது என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து கொடுக்க முடியுமா என்று இன்றைக்கே உங்கள் போதகரிடம் பேசுங்கள்.